நெய்யாத துணியும் இறங்காத துண்டும்

செஞ்சிக் கடைவீதித் தையல் தொழிலாளர் சங்கத்தின் ஆண்டுவிழாவுக்குத் தலைமை தாங்கி, அதோடு நில்லாமல் இந்தப் பந்தலின் இடதுபக்கக் கம்பத்தையும் முதுகால் தாங்கிக்கொண்டிருக்கிற அண்ணன் தனகோட்டி அவர்களே! முன்வரிசையில் நாற்காலிகளில் நிறைந்து வழிகிற பெரியோர்களே! நாற்காலி போதாத ஒரே காரணத்தால் பெரியோர் ஆகாமல் தரையில் அமர்ந்துவிட்ட பெருமக்களே! மேல்மலையனூர் பஸ் வரும்வரை காலை நீட்டலாம் என்று வந்து, பஸ் வந்து போன பிறகும் எழ மனமில்லாமல் வீற்றிருக்கும் தாய்மார்களே! ஊசி பிடித்து உயர்ந்தவர்களே, கத்தரி பிடித்துக் களைத்தவர்களே, நூலறுந்தாலும் நெஞ்சறாத என் தொழில் தோழர்களே! உங்கள் எல்லோருடைய தாள்களையும் தோள்களையும் வணங்குகிறேன்.

தோள்களை ஏன் வணங்குகிறேன் என்று கேட்கிறீர்களா? பொறுங்கள், வருகிறேன். இன்றைக்கு முழுவதும் தோளைப் பற்றித்தான் பேச்சு.

நோட்டீசில் என்ன அச்சடித்தார்கள்? 'தையற்கலையின் வருங்காலம்: உரையாற்றுபவர், செந்தமிழ்க் கத்தரி சாந்த் பாஷா.' அந்தப் பட்டத்தைப் பார்த்துவிட்டு என் வீட்டம்மா முன்னி என்ன சொன்னாள் தெரியுமா? "கத்தரியெல்லாம் நாக்குலதான் ஓடுது. கடையில துணி வெச்ச எடத்துல வெச்சபடி கெடக்குது" என்றாள். அதோ, மூன்றாவது வரிசையில் சிரிக்கிறாள் பாருங்கள். வீட்டில் மிதிக்கிறவள் வெளியே சிரிக்கிறாள். அதுவும் ஒரு நாகரிகம்தான்.

நண்பர்களே! செஞ்சி என்ன சாதாரண ஊரா? இந்த ராஜகிரி மலைமேல் எத்தனை கொடி ஏறியது! எத்தனை கொடி இறங்கியது! ஏறியவன் எல்லாம் இனி இறங்கமாட்டேன் என்றுதான் ஏறினான். இறங்கினானா இல்லையா? களஞ்சியம் கட்டினவன் இறங்கினான். பீரங்கி ஏற்றினவன் இறங்கினான். கடைசியில் வந்த வெள்ளைக்காரனும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினான். இப்போது அங்கே கொடியுமில்லை, குடையுமில்லை. குரங்குதான் கொலுவிருக்கிறது. எல்லாக் கொடியும் இறங்கி முடிந்த இந்தச் சீமையில், இன்னும் ஒன்றே ஒன்று மட்டும் நாள் தவறாமல் இறங்கிக்கொண்டிருக்கிறது. எது அது? சொல்லுங்கள், எது?

சரியாகச் சொன்னீர்கள் அம்மா. துண்டு! தோளில் கிடக்கிற துண்டு!

இங்கிருந்து மேற்கே, வாயில் போட்ட வெற்றிலை சிவப்பதற்குள் சைக்கிளில் போய்ச் சேர்ந்துவிடலாம், அப்படி ஓர் ஊர். பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் அந்த ஊருக்குப் பெருமை வந்துவிடும். அந்த ஊரில் ஒரு பெரிய தெரு. பெரிய தெருவில் ஒரு பெரிய வீடு. பெரிய வீட்டு வாசலில் ஒரு பெரிய சாய்வு நாற்காலி. அந்தப் பெரிய நாற்காலியில் ஒரு பெரியவர். பெரியவரிடம் பெரிதாக இல்லாத ஒன்றைப் பற்றி நான் இந்த மேடையில் பேசமாட்டேன். மனசைத்தான் சொல்கிறேன், அங்கே யார் விசிலடிப்பது?

காலனிக்காரர் ஒருவர் அந்தத் தெருவில் நுழைந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். பெரிய வீட்டைத் தாண்டும்போது தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்க வேண்டும். சட்டமா? இல்லை. சாத்திரமா? இல்லை. சர்க்கார் உத்தரவா? அதுவும் இல்லை. பின் என்னவென்று கேட்டால், "வழக்கம்" என்கிறார்கள். யார் வழக்கினார்கள்? யாருக்காக வழக்கினார்கள்? கேட்டால் "அப்பாரு காலத்து வழக்கம்" என்கிறார்கள். அப்பாரு காலத்தில் உங்கள் வீட்டுக்குக் கரண்டு இல்லையே, அந்த வழக்கத்தை ஏன் விட்டீர்கள்? சுவிட்சைப் போடும்போது வராத அப்பாரு, துண்டைப் பார்த்ததும் எங்கிருந்து ஓடி வருகிறார்?

இந்த வருடம் மனிதன் நிலாவில் காலெடுத்து வைத்தான். ரேடியோவில் கேட்டீர்கள். டீக்கடையில் கைதட்டினீர்கள். நிலாவில் போய் இறங்கினவனை யாராவது துண்டை எடு என்று சொன்னார்களா? நிலாவில் நிமிர்ந்து நடக்கலாம், பெரிய தெருவில் குனிந்துதான் நடக்கவேண்டுமாம். செஞ்சியிலிருந்து நிலா பக்கமாகத் தெரிகிறது, பெரிய தெருதான் தூரமாக இருக்கிறது.

சரி, கதைக்கு வருகிறேன். தனகோட்டி அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அண்ணே, அது ஓடவில்லை, நேற்றே நின்றுவிட்டது என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

அந்த ஊர்க் காலனியில் பெரியதம்பி என்று ஒருவர். நம் செஞ்சி மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளை எடை போடுகிறவர். மூட்டையைத் தராசில் வைத்துவிட்டு அவர் ஒரு பார்வை பார்த்தால், முள் நேரே நின்று அவருக்கு வணக்கம் சொல்லும். குடியானவரும் அவரை நம்புகிறார், வியாபாரியும் அவரை நம்புகிறார். இரண்டு பேரும் ஒருவரை நம்புவது மண்டியில் எவ்வளவு கடினம் என்று மண்டிக்காரர்களுக்குத் தெரியும். அவர் இங்கேதான் இருக்கிறார். எழுந்து நில்லுங்கள் பெரியதம்பி அண்ணே, கூட்டம் உங்களைப் பார்க்கட்டும். போதும், உட்காருங்கள், கூச்சப்படுகிறார். பக்கத்தில் அவர் மனைவி மீனம்பாள். அவருக்குக் கூச்சம் கிடையாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பெரியதம்பி தினம் சைக்கிளில் வந்து போகிறார். இரண்டு மலைக்கு நடுவே நுழைந்து வருகிற காற்று எப்படிப்பட்டது? குடை வைத்திருந்தவனைக் கேளுங்கள், அவனிடம் கம்பி மட்டும்தான் இருக்கும். ஒருநாள் அந்தக் காற்று அவர் தோளில் கிடந்த துண்டைப் பிடித்து இழுத்து, சைக்கிள் செயினுக்குள் சொருகிவிட்டது. மனிதர் தலைகுப்புற விழுந்தார். முட்டி பெயர்ந்து என் கடைக்கு வந்தார். "பாய், இந்தத் துண்டு தோள்ல நிக்க மாட்டேங்குது. இன்னாவாச்சும் பண்ணி நிக்க வைங்க" என்றார்.

தொழிலாளி கேட்டால் தொழிலாளி செய்யாமல் இருக்க முடியுமா? ஊக்குக் குத்தலாம். குத்தினால் துரு பிடிக்கும், துணி ஓட்டையாகும். பித்தான் வைக்கலாம். துண்டுக்குக் காஜா எடுத்தவன் என்று நாளைக்கு என்னைச் சங்கத்தை விட்டே தள்ளிவைப்பீர்கள். அப்போதுதான் என் மைத்துனர் ரசூல் கொண்டுவந்து கொடுத்த சரக்கு ஞாபகம் வந்தது. ரசூல் கப்பலில் வேலை செய்கிறார். ஊருக்கு வரும்போது மற்றவர்கள் சென்ட்டும் சோப்பும் கொண்டுவருவார்கள். இவர் எனக்கு இரண்டு சாண் பட்டை கொண்டுவந்தார். அந்த நிலாவுக்குப் போனவர்கள் உடுப்பில் இந்தப் பட்டைதான் தைத்திருந்ததாம். கப்பலில் பேசிக்கொண்டார்களாம். ரசூல் சொல்வதில் பாதியைத்தான் நான் நம்புவேன், ஆனால் பட்டை கையில் இருக்கிறதே!

இதோ பாருங்கள். பின்னால் இருக்கிறவர்களுக்குத் தெரிகிறதா? தெரியாவிட்டால் முன்னால் இருப்பவர்கள் வாய் பிளப்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு பட்டை. ஒன்று முள்பட்டை. தடவினால் சொரசொரவென்று, சின்னச்சின்னக் கொக்கி. இன்னொன்று பஞ்சுப்பட்டை. தடவினால் பூனைக்குட்டி முதுகு. இரண்டையும் சேர்த்து அமுக்கினால் பிடித்துக்கொள்ளும். பிடித்து இழுத்தால், இதோ, மைக்கில் வைத்துக் காட்டுகிறேன்: பர்ர்ர்ர்! பயப்படாதீர்கள் அம்மா, எதுவும் கிழியவில்லை. மறுபடி அமுக்கினால் மறுபடி பிடிக்கும்.

இது என்ன மந்திரமா? மலையடிவாரத்துக்கு விறகு பொறுக்கப் போய் வந்த தாய்மார்களே, உங்கள் முந்தானையில் நாயுருவி ஒட்டிக்கொண்டு வீடுவரை வருகிறதே, அதே சங்கதிதான். சீமையில் எவனோ ஒருவன் அப்படி ஒட்டினதைப் பார்த்தான், யோசித்தான், பட்டையாக்கினான். நமக்கும் ஒட்டியது. நாம் என்ன செய்தோம்? உதறிவிட்டு, வேலியைச் சுத்தம் பண்ணாதவனைத் திட்டினோம்.

தொழில் தோழர்கள் முகம் வாடுகிறது. "பட்டை வந்தால் பித்தான் போய்விடுமே, பித்தான் போனால் காஜா போய்விடுமே" என்கிற கவலை. இதே கவலையை நான் வீட்டில் சொன்னேன். முன்னி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "காஜா எடுக்கிற வேலை போனா போவட்டும். ஒன் வாய்க்கு ரெண்டு காஜா எடுத்துப் பித்தான் போட்டு உடறேன். அதுக்கு இந்த ஊரே எனக்குக் கூலி குடுக்கும்" என்றாள். கைதட்டுகிறீர்கள். நன்றி. எனக்குக் கைதட்டினதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் நண்பர்களே, முள்பட்டை ஒன்றும் பெரிய அதிசயமில்லை. கொக்கி என்றால் பிடிக்கத்தான் செய்யும். அதிசயம் இந்தப் பஞ்சுப்பட்டை! இந்தத் துணி நெய்த துணி அல்ல. நன்றாகக் கேளுங்கள், நெய்யாத துணி! தறியில்லை, தார்க்குச்சியில்லை. நெடுக்கே பாவு ஓட்டவில்லை, குறுக்கே ஊடை கோக்கவில்லை. நாரை நாராக அள்ளித் தெளித்து, ஒன்றோடொன்று சிக்கவிட்டு, சூடு காட்டி அமுக்கி எடுத்த துணி. எந்த நார் எங்கே விழுந்ததோ அங்கேயே பக்கத்து நாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. எந்தப் பக்கம் கத்தரி வைத்தாலும் ஓரம் பிரியாது. முப்பது வருடமாக ஓரம் பிரியாமல் மடித்தடித்து விரல் தேய்ந்தவன் நான். வெட்டினேன், பார்த்தேன், பிரியவில்லை. கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை எனக்கு. எனக்கே பேச்சு வரவில்லை என்றால் எவ்வளவு பெரிய அதிசயம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டைத் தோளில் முள்பட்டையை வைத்தேன். துண்டில் பஞ்சுப்பட்டையை வைத்தேன். நாலுபக்கமும் மெஷின் ஓட்டினேன். பெரியதம்பி போட்டுப் பார்த்தார். குதித்துப் பார்த்தார். சைக்கிளில் கடைவீதியை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தார். துண்டு அசையவில்லை. காற்றுக்கு அடங்காத துண்டு ஒன்று செஞ்சியில் பிறந்துவிட்டது.

காற்றுக்கு அடங்காததை நினைத்து நானும் மகிழ்ந்தேன், அவரும் மகிழ்ந்தார். வழக்கத்தை இரண்டு பேரும் மறந்துபோனோம்.

மறுநாள் காலை. பெரிய தெரு. பெரியவர் சாய்வு நாற்காலியில் சாய்ந்து, காப்பி குடித்து முடித்து, கொட்டாவி விடுவதற்காக வாயைத் திறந்திருக்கிறார். பெரியதம்பி வருகிறார். சைக்கிளை விட்டு இறங்குகிறார். பழகிய கை தானாகத் தோளுக்குப் போகிறது. துண்டைப் பிடித்து இழுக்கிறது. துண்டு வரவில்லை! சட்டை வருகிறது! தோள் வருகிறது! துண்டு மட்டும் வரமாட்டேன் என்கிறது! மனிதருக்கு வேர்க்கிறது. பெரியவர் பார்க்கிறார். பெரியதம்பி பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுக்கிறார்.

பர்ர்ர்ர்ர்!

கொட்டாவி பாதியில் நின்றது! காப்பி டம்ளர் உருண்டது! நாற்காலித் துணி கிழிந்ததா என்று பெரியவர் முதலில் தடவிப் பார்த்தார். அது கிழியவில்லை. பிறகுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. உலகத்தில் வேறு யாருக்கும் வராத யோசனை. சாவு வீட்டில் கோடித் துணியைக் கிழிப்பார்களே, அந்தச் சத்தம்! வெள்ளைத் துண்டு, விடியற்காலை, வீட்டு வாசல், கிழிகிற சத்தம். "டேய்! என் வாசல்ல நின்னு எனக்குக் கோடி கிழிக்கிறியாடா?" என்று அலறினார். ஒரு முழத் துண்டுக்குள் தன் சாவைப் பார்த்துவிட்டார் மகராசர்.

அடுத்த அமாவாசைக்கு ஸ்பெஷல் பஸ் பிடித்து மேல்மலையனூர் போனார். அங்காளம்மனுக்கு ஆயிரம் பேருடைய வேலை இருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வருகிறவள் இருக்கிறாள். புருஷன் காணவில்லை என்று வருகிறவள் இருக்கிறாள். அவர்களுக்கு நடுவே இவர் போய் நின்று, "தாயே, ஒரு துண்டு என்னைப் பார்த்துப் பர்ரென்றது, காப்பாற்று" என்று எலுமிச்சம்பழத்தை நசுக்குகிறார். அம்மன் என்ன நினைத்திருப்பாள்? நான் வேறு மதத்துக்காரன், சொல்லக்கூடாது. ஆனால் சிரித்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

திரும்பி வந்ததும் பஞ்சாயத்து. சர்க்கார் பஞ்சாயத்து இல்லை, மரத்தடிப் பஞ்சாயத்து. பெரியதம்பியை நிறுத்தினார்கள். "கிழிச்ச துண்டக் காட்டு" என்றார்கள். காட்டினார். கிழியவில்லை. "சத்தம் கேட்டுதே, கிழிசல் எங்கடா?" என்றார்கள். அந்த அப்பாவி மனிதர், "இப்படித்தானுங்க" என்று தோளில் ஒட்டி, மறுபடி இழுத்துக் காட்டினார். பர்ர்ர்ர்! பஞ்சாயத்தே தலையைக் குனிந்தது. வழக்கத்தை மதித்தா? இல்லை, பயத்தில்! "கிழிஞ்சது எப்படிடா மறுபடி ஒட்டும்? இது சூனியம்" என்றார் ஒருவர். "சூனியம் வெச்சது செஞ்சி பாய்" என்றார் இன்னொருவர். ஆக, என் பெயரும் உள்ளே வந்துவிட்டது. தையற்காரனை மந்திரவாதியாக உயர்த்திய அந்தப் பஞ்சாயத்துக்கு இந்த மேடையிலிருந்து என் நன்றி. சொன்ன தேதிக்குச் சட்டை கொடுக்கிற மந்திரம் மட்டும் இன்னும் எனக்குக் கைவரவில்லை.

அந்தக் கூட்டத்தில் துணி வியாபாரம் பண்ணி ஓய்ந்த ஒருவர் இருந்தார். பட்டையை வாங்கிக் கண்ணருகில் வைத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். "இதுல பாவும் இல்ல, ஊடையும் இல்ல. எது மேல் நூலு, எது கீழ் நூலுன்னே தெரியல" என்றார். அவ்வளவுதான், பெரியவர் எழுந்து நின்றார். என்ன தீர்ப்புச் சொன்னார் தெரியுமா? நான் கூட்டிச் சொல்லவில்லை, கேட்டவர்கள் இங்கே இருக்கிறார்கள். "மேல் எது கீழ் எதுன்னு தெரியாத துணி இந்த ஊருக்கு ஆவாது!"

ஆகா! ஆகா! வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே உண்மை அது. நான் இரண்டு மணி நேரம் தொண்டை கிழியக் கத்தினாலும் விளங்க வைக்க முடியாததை, அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அவருக்குப் பயம் சத்தத்தில் இல்லை, சாவில் இல்லை, சூனியத்தில் இல்லை. மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போய்விடுமோ என்பதில்தான் பயம்! நாரெல்லாம் கலந்து கிடந்தும் துணி நிற்கிறதே, நிற்கலாமா? ஒன்றையொன்று பிடித்துக்கொண்டே உறுதியாக இருக்கிறதே, இருக்கலாமா? கத்தரி வைத்தாலும் பிரியமாட்டேன் என்கிறதே, சும்மா விடலாமா? அப்புறம் ஊரில் யாரைப் பிரிப்பது, யாரை வைத்துப் பிழைப்பது?

சிரித்தது போதும் நண்பர்களே. இனி சொல்லப்போவதில் சிரிப்பு இல்லை.

தீர்ப்பு இதுதான். நாளைக் காலையில் பெரியதம்பி பெரிய வீட்டு வாசலில் நிற்கவேண்டும். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஊர் பார்க்க, தவறு என்று சொல்லவேண்டும். சொல்லும்வரை காலனியில் ஒருவருக்கும் மல்லாட்டை பிடுங்கும் வேலை கிடையாது. ஆண்டு முழுவதும் அவர்கள் எதிர்பார்க்கிற வேலை அது. பத்துப் பதினைந்து நாள் கூலியில்தான் பிள்ளைகளுக்குத் துணி, பண்டிகைக்குப் பலகாரம், மழைக்காலத்துக்கு அரிசி. மழை பெய்து ஈரம் இருக்கிறது. இந்த ஈரத்தில் பிடுங்கினால் கொத்தாக வரும். காய்ந்தால் காய் மண்ணுக்குள் நின்றுவிடும். இன்னொரு மழை பெய்தால் உள்ளேயே முளைத்துவிடும். பெரியவருக்கும் நட்டம்தான். ஆனால் தன் மல்லாட்டை முளைத்துப் போனாலும் பரவாயில்லை, அடுத்தவன் தோளில் துண்டு இருக்கக்கூடாது என்கிறார். என்ன தியாகம்! இப்படிப்பட்ட தியாகத்தை நல்ல காரியத்துக்குச் செய்திருந்தால் சிலையே வைத்திருப்போம்.

தீர்ப்பைக் கேட்டதும் மீனம்பாள்தான் முன்னால் வந்தார். கூச்சம் கிடையாது என்று சொன்னேனே, இதற்குத்தான் சொன்னேன். "ஏன் சாமி, ஒங்க வாசல்ல பர்ருன்னா ஒங்களுக்கு உசுரு போவுது. எங்க கொழந்தைங்க வயிறு ராவெல்லாம் கர்ரு கர்ருங்குதே, அந்தச் சத்தம் எந்த அமாவாசைக்குப் போனா நிக்கும்?" என்று கேட்டார். பஞ்சாயத்து அவசரமாக எழுந்துகொண்டது. கூட்டம் கலைந்ததாக அறிவித்துவிட்டார்கள். கேள்வி கலையவில்லை. அது இன்னும் அந்த மரத்தடியிலேயே நிற்கிறது.

இப்போது நீங்கள் கேட்கிறீர்கள், சங்க விழாவில் இதை ஏன் பேசுகிறாய் என்று. ஏன் பேசக்கூடாது? தோளுக்கு அளவெடுத்துப் பிழைக்கிறவர்கள் நாம். எந்தத் தோளையாவது இது குனியப் பிறந்த தோள் என்று குறைத்து அளந்திருக்கிறோமா? என் அளவுநாடாவில் பெரிய தெருவுக்கு ஓர் அங்குலம், காலனிக்கு ஓர் அங்குலமா இருக்கிறது? தோளைப் பற்றித் தையற்காரன் பேசாமல் யார் பேசுவார்கள்?

ஆகவே தோழர்களே, நான் ஒரு யோசனையோடு வந்திருக்கிறேன். உங்களுக்குக் காட்டிய இந்த மிச்சத்தைத் தவிரப் பட்டை தீர்ந்துவிட்டது. ரசூல் அடுத்த கப்பலில் போய் வரும்வரை பட்டை கிடையாது. பட்டை இல்லாவிட்டால் என்ன? ஊசி இருக்கிறது! நூல் இருக்கிறது! இதோ, மேடைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். பட்டையையாவது பர்ரென்று பிய்த்துவிடலாம். இரட்டை நூல் போட்டுத் தைத்தால் எவன் பிய்ப்பான்? நாளைக் காலைக்குள் காலனி ஆண்கள் எல்லோருடைய துண்டையும் அவரவர் சட்டையோடு சேர்த்துத் தைத்துவிடுவோம். செஞ்சித் தையல்காரர் அத்தனை பேரும் உட்காருவோம். எடு என்று பெரியவர் சொல்லட்டும். எப்படி எடுப்பது? எடுக்க முடியாதே! எடுக்க வராதே! தைத்தாயிற்றே ஐயா, என்ன செய்யலாம் என்று கையை விரிப்போம்! கைதட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள், பெரிய தெருவரை கேட்கட்டும்! முதல் தையல் இந்த மேடையிலேயே. பெரியதம்பி அண்ணே, மேலே வாருங்கள். தனகோட்டி அண்ணே, கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள். கம்பம் விழாது, நான் பார்த்துக்கொள்கிறேன்.

வாருங்கள் அண்ணே. தோளைக் கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டுங்கள். அசையாதீர்கள்.

என்ன அண்ணே? வேண்டாமா? ஏன் வேண்டாம்? மைக்கில் சொல்லுங்கள். மைக்கில் வேண்டாம் என்கிறார். சரி, என்னிடம் சொல்லுங்கள், நான் சொல்கிறேன்.

பின்னால் உள்ளவர்களுக்குக் கேட்டிருக்காது. அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்கிறேன். என் ஜோடனை இதில் ஒன்றும் கிடையாது. "பாய், தைக்க வேணாம். தைச்சிக்கினு போய் நின்னா, எடுக்க முடியாததால எடுக்கலன்னு ஆயிடும். அப்போ நூலுதான் நின்னுது, நான் நிக்கல. எடுக்க முடியணும் பாய். எடுக்க முடிஞ்சும் எடுக்காம நிக்கணும்." இதுதான் அவர் சொன்னது.

கொஞ்சம் இருங்கள். எனக்கு ஒரு வாய் தண்ணீர் வேண்டும்.

பாருங்கள், அவரே சட்டைத் தோளிலிருந்து பட்டையைத் தையலோடு பிரிக்கிறார். நான் தைத்த தையலை என் கண் முன்னால் பிரிக்கிறார். எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. துண்டில் இருந்ததையும் பிரித்துவிட்டார். இரண்டையும் என் கையில் கொடுத்துவிட்டார். இப்போது துண்டை எடுத்துச் சும்மா தோளில் போடுகிறார். ஊக்கு இல்லை, பித்தான் இல்லை, பட்டை இல்லை, நூல் இல்லை. ஒரு காற்று அடித்தால் விழும். அவர் பிடித்துக்கொண்டால் விழாது.

நாளைக் காலையில் இப்படியே அந்தத் தெரு வழியாகப் போகப்போகிறாராம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அல்ல, ஏறி ஓட்டிக்கொண்டு. காலனியில் எல்லோரும் சொல்லிவிட்டார்களாம், மல்லாட்டை மண்ணோடு போனால் போகட்டும், துண்டு இறங்கவேண்டாம் என்று. வயிறு காயப்போகிறவர்கள் சொன்ன சொல் அது. மேடையில் வயிறு நிறையப் பேசுகிற நான் சொன்னது அல்ல. அந்த அம்மா மீனம்பாள் கீழே உட்கார்ந்து கண்ணைத் துடைக்கிறார். துடைக்கட்டும். நானும்தான் துடைக்கிறேன், வேர்வை என்று நினைக்காதீர்கள்.

ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். என் யோசனையை நானே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இனி தைப்பதற்கு ஒன்றும் இல்லை, போவதற்குத்தான் வேலை இருக்கிறது. என் தோளில் எப்போதும் கிடப்பது அளவுநாடா. நாளைக் காலையில் அதைப் போட்டுக்கொண்டு பெரியதம்பி சைக்கிளுக்குப் பின்னால் என் சைக்கிளில் நான் வருகிறேன். உங்கள் தோளில் என்ன கிடக்கிறதோ அதோடு நீங்கள் வாருங்கள். துண்டு இருந்தால் துண்டு. கூடை சுமக்கிற தாய்மார்களுக்குச் சும்மாடு. மண்டித் தோழர்களுக்குச் சாக்கு. முன்வரிசைப் பெரியோர்களே, உங்களுக்கு அங்கவஸ்திரம் இருக்கிறது. வராவிட்டாலும் குற்றமில்லை, ஆனால் இனி என் கடைக்குச் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தால் தோளைக் கேட்கமாட்டேன், கழுத்தளவோடு நிறுத்திக்கொள்வேன். காலனிக்குக் கூலி நின்ற நாட்களுக்கு என்ன செய்யலாம் என்பதைத் தனகோட்டி அண்ணனும் மண்டிக்காரர்களும் இந்தக் கூட்டம் முடிந்ததும் உட்கார்ந்து பேசவேண்டும். தலையாட்டுகிறார். தலைவர் தலையாட்டியதை எல்லோரும் பார்த்தீர்கள், நீங்களே சாட்சி.

நேரம் போனது தெரியாமல் பேசவிட்ட தலைவருக்கு நன்றி. காற்றில் ஆடினாலும் கழன்று விழாத இந்தப் பந்தலுக்கு நன்றி. கத்தக் கத்தக் கம்மிப் போகாத மைக்செட்டுக்கு நன்றி. பஸ்ஸை விட்டுவிட்டு என்னைக் கேட்ட தாய்மார்களுக்கு நன்றி. வீட்டுக்குப் போனதும் எனக்குப் பித்தான் போடக் காத்திருக்கிற முன்னிக்கு முன்கூட்டியே நன்றி. வணக்கம் சொல்லத் துண்டை எடுக்கவேண்டிய அவசியம் இல்லை என்று இன்று தெரிந்துகொண்டேன், அதற்கு இரண்டு கையும் போதும். எல்லோரும் எழுந்து நில்லுங்கள். தோளில் இருப்பது தோளிலேயே இருக்கட்டும். கைகளை மட்டும் கூப்புங்கள். இப்படியே நானும் பெரியதம்பியும் உங்களை வணங்குகிறோம். காலையில் பார்ப்போம்.